சென்ட்ரிங் இல்லாமல்

பேருந்து கோபுரத்தின் அடியில் வந்து நின்றதும் எல்லோரும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு முதலிலேயே ஒழுங்காகத்தான் இருந்தது.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீ போயிட்டு வா," என்றார், தலையைத் தூக்காமல்.

வயிறாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்திருந்தாள். தலைவலி என்றால் யாராவது மாத்திரை நீட்டுவார்கள். முட்டி வலி என்றால் லிஃப்டில்தானே போகப்போகிறோம் என்பார்கள். வயிறு என்று சொல்லிவிட்டால் சாப்பாட்டுக்குப் போகிற இடத்துக்கு யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். முந்தாநாள் டூர் மேனேஜர் நிகழ்ச்சித் தாளைக் கொடுத்தபோது, 'கோபுர உச்சியில், சுழலும் உணவகத்தில் மதிய உணவு' என்ற வரியில் அவர் விரல் நின்றதை அவள் பார்த்திருந்தாள். விமானத்தில் வந்த ஒன்பது மணி நேரமும் ஜன்னல் மூடியைத் திறக்க விடாத மனிதர்.

அந்த வருடம் அதிக மூட்டை வாங்கிய பன்னிரண்டு மேஸ்திரிகளையும் அவர்கள் மனைவிமாரையும் சிமெண்ட் கம்பெனி இந்தச் சுற்றுலாவுக்கு அனுப்பியிருந்தது. கூட்டி வந்தவர் சிமெண்ட் கடைக்காரர். ஊர் சுற்றிக் காட்டுகிறவர் மஞ்சள் கொடி பிடித்த டூர் மேனேஜர், நம் பாஷை பேசுகிற இளைஞர். இருபத்து நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் கம்பளிக் கோட்டு கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தவன் தொழில் என்ற இடத்தில் அவளைக் கேட்காமலேயே ஆங்கிலத்தில் இல்லத்தரசி என்று போட்டுவிட்டான். இருபத்தாறு வருடமாகக் கலவைச் சட்டி சுமந்த தலை அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, நமக்கு இந்த யோகமும் இருக்கிறதா என்று சிரித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மூன்று மாடி வீட்டில் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தபோது சாரத்தின் கட்டு ஒன்று அவிழ்ந்து, மேஸ்திரி நின்றிருந்த பலகை காலடியிலிருந்து நழுவியது. கையில் அகப்பட்ட குறுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கீழே இருந்தவர்கள் ஏணியைத் தூக்கி வந்து சாத்துவதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இறங்கினார், தண்ணீர் குடித்தார், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் சிரித்துப் பேசி அன்று சாயங்காலமே அதை மறந்துபோனார்கள். மறுநாள் காலை ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டியோடு பின்னால் நின்றவள் அவள்தான். அவருடைய கெண்டைக்கால் தனியாக நடுங்கியதை அவள் மட்டும்தான் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரைத் தாண்டி ஏறினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. அவர் கீழே நின்று கேட்பார், அவள் மேலே நின்று சொல்வாள். நின்ற இடத்திலிருந்தே சுவரின் நூலளவு சாய்வைச் சொல்லிவிடுவார் என்பதால் தொழிலில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே மனிதருக்கு வைத்துவிட்டார்கள். அந்தக் கண்ணில் கொஞ்சம் இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கும் வந்திருந்தது. ஆனால் சாரம் ஏற முடியாத மேஸ்திரி என்று வெளியே தெரிந்தால் மாடி வேலையை யார் நம்பிக் கொடுப்பார்கள்?

லிஃப்ட் நாற்பது நொடியில் மேலே கொண்டுபோய்விட்டது. காது அடைத்துத் திறந்தபோது அவள் மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். வட்டமான அறை, சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடியை ஒட்டி மேஜைகள். தரை நகர்கிறது என்று சொன்னார்கள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், கண்ணாடி வழியே எதிரே தெரிந்த நதி பக்கத்து மேஜைக்கு நேராகப் போய்விட்டதைக் கவனித்தாள். மேஸ்திரிகளில் டைல்ஸ் பதிக்கிற ஒருவரை எல்லோரும் டைல்ஸ்காரர் என்பார்கள்; அவர் மனைவி கைப்பையை ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். தரைதான் சுற்றும், திட்டு சுற்றாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சூப் முடிந்து திரும்பினால் பை இல்லை. பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது. அவள் முகம் வெளுத்து எழுந்து நின்றபோது, நாலாவது மேஜையில் உட்கார்ந்திருந்த வேற்றுநாட்டுக் கிழவர் ஒருவர் பையை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். "பரவாயில்ல, நமக்கு முன்னாடியே ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு," என்றார் டைல்ஸ்காரர். அவர் எங்கே போனாலும் வாய் வேடிக்கை பேசும், கண் தொழிலைப் பார்க்கும். இந்த மூன்று நாளில் எந்த மாளிகைக்குள் நுழைந்தாலும் எல்லோரும் விதானத்தைப் பார்க்க, அவர் மட்டும் குனிந்து தரையை விரலால் தடவி, ஓரங்களில் கல் எப்படிச் சேர்கிறது என்று பார்ப்பார்.

ரொட்டியும் வேகவைத்த காய்களும் சுட்ட கோழியும் வந்தன. அவளுக்கு இறங்கவில்லை. கீழே நகரம் பெருக்கிக் குவித்ததுபோல் கூரை கூரையாகக் கிடந்தது. இத்தனை வீடு. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருத்தி சட்டி சுமந்திருப்பாள் என்று தோன்றியது. கூரைகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரே ஒரு குவிமாடம், மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல் எழுந்து நின்றது. அடுத்து அங்கேதான் போகப்போகிறோம் என்று டூர் மேனேஜர் சொன்னார். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நேர் கீழே பார்த்தாள். அவர்களுடைய பேருந்து தீப்பெட்டி அளவில் நின்றது. அதற்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. பயப்படுகிறாரே என்பதற்காக இல்லை. இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, கீழே போய் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காக.

குவிமாடம் இருந்த மண்டபம் ஐந்நூற்றுச் சொச்சம் வருடம் பழையது. உள்ளே நுழைந்ததும் பேச்சு தானாக நின்றது. இருபத்து நான்கு ஜோடிக் காலணிகளின் சத்தம் மட்டும் எங்கோ மேலே போய்த் தட்டி, வேறு யாரோ நடப்பதுபோல் திரும்பி வந்தது. நடுவில் போய் நின்று தலையை நிமிர்த்தினார்கள். நூற்றைம்பது அடி உயரத்தில், ஒரு மைதானத்தையே கவிழ்த்து வைத்ததுபோல் அது நின்றது. எட்டுப் பட்டையாகக் கட்டிய அதில், பட்டைக்கு ஒன்றாக இருந்த ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சாய்ந்து இறங்கியது. டைல்ஸ்காரர்கூட மேலே பார்த்தார். தரையிலிருந்து பார்ப்பதில் மேஸ்திரிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வாய் திறந்தது திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி பின்பக்கமாகவே நாலு அடி நடந்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு தொழில் கேள்விதான். இதற்குச் சென்ட்ரிங் எங்கே அடித்திருப்பார்கள்?

டூர் மேனேஜருக்கு அந்த வார்த்தை விளங்கவில்லை. கூரை காய்கிறவரை கீழேயிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குவதுதான் என்று மூன்று மேஸ்திரிகள் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். அவர் போய் அந்த மண்டபத்து வழிகாட்டி அம்மாளிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். சென்ட்ரிங்கே இல்லையாம். இந்த உயரத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் கிடைக்காதாம். ஒவ்வொரு சுற்றாகக் கட்டிக்கொண்டே போனார்களாம். கட்டிய சுற்றே அடுத்த சுற்றைத் தாங்கியதாம்.

பன்னிரண்டு மேஸ்திரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்பக்கம் சாய்கிற சுவரில் கலவை ஈரமாக இருக்கும்போது கல் வழுக்கிக் கீழே வரும். எந்தச் சித்தாளுக்கும் தெரிந்த விஷயம். "அது எப்படி நிக்கும்?" என்றார் மேஸ்திரி, யாரிடம் என்றில்லாமல்.

பார்க்க வழி இருந்தது. குவிமாடத்துக்கு இரண்டு ஓடுகள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு போகிறது. முந்நூற்றெண்பது படி. குறுகலான வழி என்பதால் பாதிப் பேர் முதலில், அவர்கள் இறங்கியதும் மீதிப் பேர். மேஸ்திரி தூண் அருகே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் முதல் வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

ஏறுவது அவளுக்குப் புதிதில்லை. மற்ற பெண்கள் நூறாவது படியில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார்கள். அவள் தலையில் சுமையில்லாமல் ஏறுவதே விளையாட்டாக இருக்கிறது என்று நினைத்தபடி போனாள். பாதி உயரத்துக்கு மேல் பூச்சு இல்லை. வெறும் செங்கல். அங்கே அவள் நின்றாள். ஐந்நூறு வருடத்துக் கலவை, நேற்று வழித்துவிட்டதுபோல் இணைப்புகளில் இறுகிக் கிடந்தது. படுத்த கற்களுக்கு நடுவே ஒரு கல் செங்குத்தாக நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்படியே அது சாய்ந்து சாய்ந்து மேலே ஏறி, ஜடை பின்னியதுபோல் சுவர் முழுக்கப் போயிற்று. அதைப் பின்தொடர்ந்து நகர்ந்த அவள் கண், இரண்டு பட்டைகள் சேர்கிற ஒரு மூலையில் தடுக்கியது. மறுபடி பார்த்தாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் முதுகைத் தொடும்வரை அங்கேயே நின்றாள்.

இறங்கி வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வியர்த்திருந்தது. நிற்கிற கல்லைப் பற்றிச் சொன்னாள். எத்தனை கல்லுக்கு ஒன்று நிற்கிறது என்று கேட்டார். எண்ணவில்லை. அடுத்த வரியில் அதன் தலைக்கு மேல் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா? தள்ளித்தான். எந்தப் பக்கம்? அவள் கையை இப்படியும் அப்படியும் காட்டினாள். அவர் எரிச்சலாகத் தலையை ஆட்டினார். சாரத்துக்குக் கீழே நின்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது, இதை மட்டும் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் தவித்தது.

"இன்னொண்ணு சொல்றேன்," என்றாள். "ஒரு மூலையில கை தப்பியிருக்கு."

"எது?"

"ரெண்டு பக்கத்துலேந்து கட்டிட்டு வந்து சேர்ற இடம். ஒரு பக்கம் ரெண்டு விரக்கடை ஏறிப்போச்சு. அத இடிக்கல. மேல அஞ்சு வரியில கலவைய ஒரு பக்கம் தடிமனா, ஒரு பக்கம் மெல்லிசா வச்சு, கொஞ்சங் கொஞ்சமா மட்டத்துக்குக் கொண்டாந்திருக்காங்க. ஆறாவது வரி நூல் புடிச்ச மாதிரி போவுது."

அவர் அவளையே பார்த்தார். "இவ்வளவு பெரிய வேலையிலயா? நீ சரியாப் பாத்தியா?"

"வந்து பாருங்க."

அவர் கைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டன. வழியெல்லாம் குகை மாதிரிதான், இரண்டு பக்கமும் சுவர், கீழே ஒன்றுமே தெரியாது என்று அவள் சொன்னாள். ஒரே ஒரு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. மஞ்சள் கொடி இரண்டாவது கும்பலைக் கூப்பிட்டது. அவர் எழுந்தார். ஒரு தடவை போய்விட்டு வந்தவர் மறுபடி போகக் கூடாது என்று டூர் மேனேஜர் தயங்கினார். இவருக்கு முட்டி சரியில்லை, நான் கூட இருக்க வேண்டும் என்றாள். இரண்டு வருடமாகச் சொன்ன பொய் அன்றைக்கும் வேலை செய்தது.

நூற்றெழுபதாவது படியில் ஒரு சின்ன வாசல் வந்தது. அதற்கு அப்பால், குவிமாடத்தின் உட்புறத்தை ஒட்டிச் சுற்றிப் போகும் நடை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் இடுப்பளவு கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கீழே தரை, அதில் எறும்புகளாக மனிதர்கள். கால் வட்டம் நடந்தால்தான் அடுத்த படிக்கட்டு. மேஸ்திரி வாசலில் காலை வைத்தார், பார்த்தார், நிலைக் கல்லைப் பிடித்துக்கொண்டார். கெண்டைக்கால் ஆடத் தொடங்கியது.

"நீ சொல்லலையே," என்றார்.

"சொன்னா வந்திருக்க மாட்டீங்க."

பின்னால் டைல்ஸ்காரர், அவருக்குப் பின்னால் வேறு தேசத்துக்காரர்கள் நாற்பது பேர். யாரோ என்னவோ கேட்டார்கள். டைல்ஸ்காரர் மேஸ்திரியின் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேடிக்கை பேசுகிற அந்த மனிதர் அப்படியே பின்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் சுவருக்குச் சுவர் விரித்து வழியை அடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தரைக் கல்லைக் காட்டி நம் பாஷையிலேயே விளக்கம் சொல்லத் தொடங்கினார். அவர்களும் ஏதோ முக்கியமான விஷயம்போல என்று குனிந்து பார்த்தார்கள்.

அவள் கம்பிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "பூச்சப் பாருங்க," என்றாள். "எப்படி இருக்கு?"

அவர் கை சுவரைத் தொட்டது. சுண்ணாம்பு என்றார். எத்தனை பூச்சு என்று கேட்டாள். நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டு மூன்று இருக்கும் என்றார். இங்கே? ஓர் அடி நகர்ந்தார். இங்கேயும் மூன்றுதான், ஆனால் இதைத் தேய்த்தது வேறு கை, அழுத்தம் அதிகம். இங்கே? இன்னோர் அடி. மூக்கு சுவரில் இடிக்க, உள்ளங்கை இரண்டும் பூச்சில் ஊர, ஆணி அடித்த இடம், ஒட்டுப் போட்ட இடம், ஈரம் ஏறி வீங்கிய இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மேஸ்திரி அந்தக் கால் வட்டத்தைக் கடந்தார். அவர் முதுகுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில் அவள் நடந்தாள். அவளுக்குமே அப்போது கால் கூசியது. காட்டிக்கொள்ளவில்லை.

செங்கல் தெரிந்த இடத்துக்கு வந்ததும் அவள் விலகி நின்றாள். செங்குத்தாக நிற்கிற கற்களை அவர் எண்ணினார். வரிக்கு வரி அது எப்படித் தள்ளிப்போகிறது என்று விரலால் ஏறிக்கொண்டே போனார். உதடு அசைந்தது. பிறகு அவள் மூலையைக் காட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கீழிருந்து ஆறாவது வரிவரை கட்டைவிரலை ஒவ்வொரு இணைப்பிலும் வைத்து எடுத்தார். வழியை அடைத்துக்கொண்டிருந்த இவர்கள் இருவரையும் தாண்டி ஆட்கள் சுவரோடு சுவராக ஒட்டிப் போனார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை.

"இது ஒரு நாள் வேலை இல்ல," என்றார் கடைசியில். "ஒரு சுத்து காஞ்சாத்தான் அடுத்தது. அஞ்சு வரின்னா மாசக்கணக்கு. அத்தன மாசமும் அவனுக்கு இது கண்ணுலயே நின்னிருக்கும்." கட்டைவிரலை இணைப்பிலிருந்து எடுக்காமலேயே, "யாருமே வராத எடம். பூச்சுகூட கெடையாது. எதுக்குச் சரி பண்ணான்?" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. சுவரிலிருந்த சின்ன ஜன்னல் ஒன்றிலிருந்து வந்த வெளிச்சம் அந்த ஐந்து வரிகள்மேல் விழுந்து, மெல்லிய இணைப்பும் தடித்த இணைப்புமாக நிழல் காட்டியது. இறங்குவதற்கு வேறு படிக்கட்டு இருந்தது. அதில் நடை எதுவும் குறுக்கே வரவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தரைத்தளத்தில் நீளமான அறை, ஒரே நீள மேஜை, வெள்ளை விரிப்பு. தட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று கத்தியும் முள்கரண்டியும் இருந்தன. மற்றதெல்லாம் மேஸ்திரிகளைத் திணறடித்தாலும், ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியவில்லை. ஓரம் பிசிறாமல், ஒரே கனத்தில், கண்ணாடி மாதிரி வழித்துவிட்டார்கள். பரிமாறியவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கடைக்காரர் மேஜையின் தலைப்பக்கத்திலிருந்து மேஸ்திரியைப் பார்த்து, வயிறு சரியாகிவிட்டதா என்று விசாரித்தார். டைல்ஸ்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மேஸ்திரி கத்தியைக் கீழே வைத்தார்.

"வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு உயரம் ஒத்துக்கல. சாரம் ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு."

கரண்டிச் சத்தம் நின்றது. "அப்ப மாடி வேலையெல்லாம்?" என்றார் கடைக்காரர்.

"இவதான் ஏறிப் பாக்கறா. மட்டம், பூச்சு, எல்லாமே இவ கண்ணுதான்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடைக்காரர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். எதிர்வரிசையில் இருந்த இன்னொரு மேஸ்திரி, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கையை வீசிவிட்டு, சென்ட்ரிங் இல்லாமல் அது எப்படி நின்றது என்று ரசமட்டத்துக்குப் புரிந்ததா இல்லையா என்று கேட்டார். நாங்களும் ஏறித்தானே இறங்கினோம், மூச்சு வாங்கியதில் கல்லை யார் பார்த்தது?

மேஸ்திரி காப்பித் தட்டிலிருந்த சர்க்கரைக் கட்டிகளைத் தன் பக்கம் இழுத்தார். குட்டிச் செங்கல் போல நீளவாட்டில் வெட்டிய கட்டிகள். பத்தாது என்றார். மேஜையின் இரண்டு கோடியிலிருந்தும் கிண்ணங்கள் கைமாறி வந்தன. தட்டைக் கவிழ்த்து, வெண்ணெயைக் கத்தி நுனியில் எடுத்து, முதல் சுற்றை வட்டமாக வைத்தார். அதன்மேல் இரண்டாவது, கொஞ்சம் உள்பக்கம் தள்ளி. மூன்றாவது சுற்றில் நாலு கட்டியைப் படுக்கவைத்து ஐந்தாவதை நிறுத்தினார். நிற்கிற கல் கீழ்ச் சுற்றில் காலை ஊன்றிக்கொண்டு, படுத்த கற்களை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது, அதனால்தான் கலவை காய்கிறவரை அவை வழுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வைத்தார். ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சூழ்ந்தார்கள். டைல்ஸ்காரர் வெண்ணெய் குழைத்துக் கொடுத்தார். கடைக்காரர்கூட எழுந்து, முன்னால் நின்றவர் தோளில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். சுவர் நாலு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. பார்த்தால் எந்த நொடியும் உள்ளே சரிந்துவிடும் என்றுதான் தோன்றியது.

ஏழாவது சுற்றில் ஓர் இடம் பாக்கி இருந்தது. மேஸ்திரி ஒரு கட்டியை எடுத்தார், அதன் கீழே வெண்ணெய் தடவினார், அவள் பக்கம் நீட்டினார். "நீ வை."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். குனிந்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தாள். கட்டியை நிறுத்தி மெல்ல அழுத்தினாள். அடுத்த பதார்த்தத்தை ஏந்திக்கொண்டு கதவருகே வந்த பரிமாறுகிறவர், தன் கால் பட்டுத் தரை அதிரக் கூடாது என்று அங்கேயே நின்றுவிட்டார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் அதன்மேல் இருந்தன. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.